ஆகஸ்ட் மாதத்துக் குளம்

அண்ணை,

உங்கள் மெத்தையைக் கிணற்றுக்கட்டில் சாத்தி வைத்திருக்கிறேன். வவுனியாவில் வாங்கி, வான் வண்டி பிடித்து ஏற்றிவந்தீர்களே, அதே மெத்தைதான். எத்தனை தரம் கழுவிக் காயவிட்டும் குளத்துச் சேற்று மணம் போகவில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் குசினி அடுப்படி வரைக்கும் வருகிறது. “எறியன் அதை” என்று இவர், உங்கள் மச்சான், தினமும் சொல்கிறார். பாசத்தில் வைத்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எரிச்சலில்தான் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் மழைக்கு முந்தி அதை, லீவுக்கு வந்து நிற்க நீங்கள் குளத்தோரம் போட்ட மண் கொட்டிலில் இருந்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது நாங்கள்தான். இந்த முறை ஐப்பசியில் நீங்கள் கனடாவில் கண்ணை மூடிவிட்டீர்கள். போனுக்குள் உங்கள் செத்தவீட்டைப் பார்த்து அழுதுகொண்டிருந்த கிழமை இங்கே மழை பிடித்துவிட்டது. கொட்டிலை ஒருவரும் நினைக்கவில்லை.

அந்தக் கொட்டிலை அந்த இடத்தில் போடவேண்டாம் என்று நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அப்பாவின் காணி குளத்தைப் பார்த்துச் சரிகிற மூலை அது. ஆகஸ்டில் அதில் புல் முளைத்துப் பச்சையாய்க் கிடக்கும், தண்ணீர் கொஞ்சம் தள்ளி நிற்கும். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, “அங்கை சனம் ஏரிக்கரையிலை மரவீடு எடுத்து லீவுக்கு நிக்குது. எங்களுக்கு வீட்டு வாசலிலை குளம் இருக்கு” என்று குதூகலித்தீர்கள். மருதமரத்தில் ஆளுயரத்துக்கு நின்ற தண்ணீர்க் கறையை நான் காட்டினேன்.

“அண்ணை, இதிலை தண்ணி ஏறும். கொஞ்சம் மேலை போடுவம்.”

“எனக்குத் தெரியாத குளமே? இதிலைதானே மாடு மேய்ச்சனாங்கள். ஒருநாளும் ஏறினதில்லை.”

“அப்ப குளக்கட்டு உடைஞ்சு கிடந்தது. இப்ப திருத்தி உயர்த்திப்போட்டினம்.”

“மேலை போட்டால் தண்ணியைப் பாக்க ஏலாது பிள்ளை. நீ பேசாமல் இரு.”

நீங்கள் விட்டுப்போன குளம் வேறு, நாங்கள் இருக்கிற குளம் வேறு. இதை உங்களுக்கு விளங்கப்படுத்த எனக்குக் கடைசிவரை முடியவில்லை. அந்த மார்கழியே கொட்டிலின் பாதிச் சுவர் தண்ணீருக்குள் போனது. போனில் சொன்னேன். “இந்த வருசம் மழை கூடப் போலை” என்றீர்கள். அடுத்த வருடமும் அதையே சொன்னீர்கள். தண்ணீர் வற்ற வற்ற இவர் போய்ச் சுவருக்கு மண் அப்புவார், கூரைக்குக் கிடுகு மாற்றுவார், நான் சாணம் போட்டு மெழுகுவேன். ஆகஸ்டில் நீங்கள் வந்து இறங்கிச் சுவரில் தட்டிப் பார்த்து, “பாத்தியே, அசையேல்லை” என்பீர்கள். இவர் சிரித்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

ஆகஸ்ட் எங்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்று நீங்கள் ஒருநாள்கூட யோசிக்கவில்லை. சிறுபோக நெல்வெட்டு நடக்கும். வெட்டு மெசின்காரனுக்குப் பின்னால் அலையவேண்டும், நெல்லைக் காயவிடவேண்டும், மழை இருட்டினால் ஓடிப்போய்ப் படங்கு விரித்து மூடவேண்டும். அதற்குள் உங்கள் விடுமுறை. காஸ் அடுப்பு வேண்டாம், மூன்று கல் வைத்து விறகில்தான் சமைக்கவேண்டும் என்று சட்டம் வேறு. “அதுதான் ருசி” என்றீர்கள். ருசி உங்களுக்கு, புகை எனக்கு. அண்ணி பாவம், உதவிக்கு வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பா. உங்கள் மகன் முதலை வருமா என்று என் பின்னாலேயே திரிவான். நீங்கள் மட்டும் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளாஸ்ரிக் கதிரையில் காலை நீட்டி, தூரத்தில் வற்றிக் கிடக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

ஒரு பின்னேரம் விரால் பொரித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் எழும்பிக் கதிரையை என் பக்கம் தள்ளி, “நீயும் கொஞ்சம் சும்மா இரன். எந்த நேரமும் ஓட்டம்” என்றீர்கள். இருந்தேன். மீனை முள் எடுத்து என் தட்டில் வைத்தீர்கள், சின்ன வயதில் செய்த மாதிரியே. எனக்குக் கண் கலங்கியது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன். ஏதோ சொல்லவேண்டும் என்று வாயெடுக்கிற நேரம், மெசின் வந்துவிட்டது என்று வயலில் இருந்து இவர் போன் எடுத்தார். அள்ளிப்பிடித்துக்கொண்டு ஓடினேன். உங்களோடு ஆறுதலாக இருந்தது அவ்வளவுதான்.

அதனால்தானே மார்கழியில் வாருங்கள் என்று கெஞ்சினேன். மார்கழியில் வயல் தன்பாட்டில் நிற்கும், எனக்குக் கை ஓயும். குளம் முட்ட நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலிங்கால் வழிந்து வான் பாயும், சனம் எல்லாம் வான் பார்க்கப் போகும். வாசலில் கதிரையைப் போட்டுவிட்டு உங்களோடு நாள் முழுக்க இருந்து கதைத்திருப்பேன். அம்மா செத்த கதை, காணிப் பிரச்சினை, என் முழங்கால் வலி, எல்லாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றீர்கள். பிறகு வேலையில் விட மாட்டார்கள் என்றீர்கள். ஒரு வருடம் வான் பாய்கிற இடத்தில் நின்றே உங்களுக்குப் போன் எடுத்தேன், அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்கட்டும் என்று.

“ஒரே இரைச்சலாக் கிடக்கு. ஒண்டும் விளங்கேல்லை, பிறகு எடு” என்று வைத்துவிட்டீர்கள்.

அன்றைக்கு நான் நனைந்துகொண்டு நின்று உங்களை ஏசிய ஏச்சைக் குளக்கட்டில் நின்ற சனம் எல்லாம் கேட்டது.

போன ஆகஸ்டில் பயணம் சொல்லும்போது நீங்களாகவே சொன்னீர்கள், “இந்த மார்கழிக்கு வாறன். ரிக்கெற் போட்டிட்டன்” என்று. நான் நம்பவில்லை. “வந்தால் பாப்பம்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். உண்மையாகவே போட்டிருந்தீர்களாம். செத்தவீடு முடிந்தபிறகு அண்ணி சொன்னா. நம்ப வைக்கிற முதல் தடவையே இப்படியா செய்வீர்கள்?

மார்கழியில் குளம் முட்டியது. கொட்டிலின் முகடு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது, அதில் ஒரு கொக்கு இருந்தது. பார்க்க ஆசையாய்த்தான் இருந்தது. உங்களைக் கூட்டிவந்து காட்டி, “இப்ப சொல்லுங்கோ, ஏறுமோ ஏறாதோ?” என்று கேட்கிற சந்தர்ப்பம் எனக்குத்தானே கிடைத்திருக்கவேண்டும்.

போன கிழமை உங்கள் மகன் போன் எடுத்தான். ஆகஸ்டில் வரப்போகிறானாம், அப்பாவின் கொட்டிலில் இருக்கப்போகிறானாம்.

“கொட்டில் இல்லை ராசா. கப்புத் தடிகள்தான் நிக்குது. இனி நாங்கள் கட்டமாட்டம்” என்றேன். ஏன் என்று கேட்டான். தண்ணீர் ஏறுகிற கதையை முதலில் இருந்து சொன்னேன். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. வருடா வருடம் எங்கள் கையால் எழும்பிய கொட்டில் என்பதை நீங்கள் வீட்டில் சொல்லவே இல்லை. “வாறதெண்டால் மார்கழியிலை வா. என்ரை வீட்டிலை படுக்கலாம்” என்றேன்.

அதற்கு அவன் கேட்டான்:

“மாமி, அப்பா ஏன் ஒருக்காலும் மார்கழியிலை வரேல்லை?”

இந்தக் கேள்வியை உங்களிடம் எப்படியெல்லாம் கேட்கலாம் என்று நான் வயலுக்குள் நின்று, அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல சண்டைக்குத் தேவையான எல்லாம் என்னிடம் இருந்தது. அவன் கேட்டதும் என் வாயில் வந்தது இதுதான்:

“அவருக்கு வேலையிலை லீவு குடுக்கேல்லை ராசா. வரவேணும் எண்டுதான் நிண்டவர். எந்த நேரமும் அதைத்தான் சொல்லுவார்.”

போனை வைத்துவிட்டு அன்று முழுக்க என்னோடு நானே கோபம். உங்களோடு சண்டை பிடிக்க இருந்த என்னை, உங்களுக்காகக் கதைக்கிற ஆளாக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். இனி ஆர் கேட்டாலும் இதைத்தான் சொல்லப்போகிறேன், அண்ணை. எனக்கு வேறு வழி இல்லை.