தலை நுழையாத ஸ்வெட்டர்

குட்டிம்மா,

நேற்று உன் சிநேகிதி முன்னால் நான் சொன்னது சரியாக நினைவில்லை. "உன் தலைதான் பெருசு" என்றேனா, "இவ்ளோ பெரிய தலைக்கு யாரால பின்ன முடியும்" என்றேனா? எதுவானாலும் பொய்.

நான் பின்னிய முதல் ஸ்வெட்டர் அது. கழுத்தில் கடைசி வரிசையை முடிக்கும்போது, எங்கே அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து நூலை இறுக்கி இறுக்கி இழுத்துவிட்டேன். அதில் யார் தலையும் நுழையாது. அது காதில் சிக்கி "வலிக்குதுப்பா" என்று நீ கத்தியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "அங்கிள், இது பொம்மைக்கா?" என்று உன் சிநேகிதி சிரித்ததும் மானம் போய்விட்டது. பழியை உன் மேல் போட்டேன்.

அப்புறம் நீ கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கையாலும் தலையைப் பிடித்து அளந்து பார்த்தாய். நான் கதவருகில் நின்று பார்த்தேன். உள்ளே வர முகமில்லை.

சாதமும் முட்டையும் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடு. வெளியே போனால் சாவியை மேல்வீட்டு அத்தையிடம் கொடு.

சாயங்காலம் உன் சிநேகிதி வந்தால் இந்தச் சீட்டை அவளுக்கும் காட்டு. சிரித்தால் சிரிக்கட்டும்.

அப்பா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னோடு பேசாமலே வேலைக்குப் போய்விட்டாள். கழுத்தைப் பிரித்துவிட்டேன், ஸ்வெட்டர் நாற்காலியில் கிடக்கிறது. நீயாகச் சொன்னால்தான் மீதியைப் பின்னுவேன்.