உன் அம்மாவின் பிக்கப் வண்டியும் என் கைவரிசையும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் ஒரு மாதமாக நிம்மதி இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே உன் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம்.

எல்லாம் அவள் வாங்கிய அந்தப் பழைய பிக்கப் வண்டியைப் பற்றித்தான். போட்டோவைப் பார்த்துவிட்டு சூப்பர் அம்மா என்று பதில் போட்டாயே, அந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட பாடு உனக்கெங்கே தெரியும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினாள். உன்னைவிடப் பத்து வயது மூத்த வண்டி அது, யாரோ ஒருவர் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த வண்டி. கொண்டுவந்த அன்று சீட்டுக்கு அடியில் இரண்டு முட்டை இருந்தது, அதுவும் இலவசம் என்று அவளுக்குப் பெருமை வேறு. வண்டி வேண்டும் என்பது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. எனக்கு ஓரப் பார்வை போய்விட்டது, நேரே தெரிவது மட்டும்தான் மிச்சம், இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று கண் டாக்டர் சொன்ன பிறகு நம் வேனை விற்றுவிட்டோம். (இது குடும்பத்தில் தொடர்ந்து வருமாம், நீயும் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடு, சாக்குச் சொல்லாதே.) அம்மா உறை தைத்துப் போடுகிற சோபாக்களையும் திரைச்சீலைகளையும் கொண்டுபோய்க் கொடுக்க வாடகை வண்டியை நம்பி, அந்த ஆள் சொன்ன நேரத்துக்கு வராமல் இரண்டு பெரிய வாடிக்கைகள் கைவிட்டுப் போயின. ஆனால் ஐம்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தவள் முதல் வண்டியாக அடக்கமாக ஒரு சின்னக் காரை வாங்குவாளா, இதை வாங்குவாளா? கேட்டால், காரில் சோபா ஏறுமா என்கிறாள். பதில் சொல்ல முடியாத கேள்வியாகவே கேட்பாள், உனக்குத் தெரியாததா.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன் வீட்டில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருக்கோடி மெக்கானிக்கை வாரம் இரண்டு நாள் வரச்சொல்லி, அவர் சொல்லச் சொல்லத் தானே எல்லாவற்றையும் கழற்றினாள். நான் வாயைத் திறந்தால், உங்களுக்கு ஓட்டத்தான் தெரியும், வண்டியைத் தெரியாது என்று அந்த ஆள் எதிரிலேயே சொன்னாள். அவரும் சிரித்தார். அவள் வேலை செய்த லட்சணத்தைக் கேள். கழற்றிய ஒவ்வொரு சாமானுக்கும் துணித் துண்டில் நம்பர் தைத்துக் கட்டினாள். துருப்பிடித்த தகரத்தை வெட்டத் தையல் சாக்கட்டியால் கோடு போட்டாள். சாப்பாட்டு மேஜையில் மூன்று வாரம் கார்பரேட்டர் உட்கார்ந்திருந்தது, நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். என் பனியனெல்லாம் கிரீஸ் துடைக்கப் போயிற்று. இத்தனையும் பொறுத்தேன், அவள் நட்டு முடுக்குகிற விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. நூலை இழுத்து முடிச்சுப் போட்டுப் பழகிய கை, இனி அசையாது என்கிறவரை முடுக்கினால்தான் திருப்தி. ஹேண்ட் பிரேக் கம்பியையும் அப்படித்தான் முடுக்கியிருந்தாள், லீவரைக் கொஞ்சம் இழுத்ததுமே கல்லாகிவிடும். நான் ஓட்டிய பஸ்களில் நன்றாக இழுத்தால்தான் பிடிக்கும், என் கைக்கு அதுதான் சரி என்று பட்டது.

இனி வருவதைத் திட்டாமல் படி. ஒரு மத்தியானம் அவள் திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போயிருந்தபோது நான் வண்டிக்கு அடியில் படுத்து அந்த நட்டைத் தளர்த்தினேன். இரண்டே சுற்று என்றுதான் நினைப்பு. அடியில் வெளிச்சமில்லை, கண்ணும் போதாது, தடவித் தடவி எத்தனை சுற்று சுற்றினேனோ. லீவரை இழுத்துப் பார்ப்பதற்குள் கேட் சத்தம் கேட்டது, திருடன் மாதிரி ஓடிவந்து பேப்பரை விரித்துக்கொண்டேன். மறுநாள் காலை அவள் முதல் தடவையாக வண்டியை வெளியே எடுத்தாள். தெருவுக்கு ஏறுகிற சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுக் கேட்டைத் திறக்க இறங்கினாள். வண்டி பின்னால் உருண்டது. திறந்திருந்த கதவு அவளை இடித்துத் தள்ளியது, முன்சக்கரம் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. படியில் வழுக்கித் தோளில் அடி என்று உன்னிடம் சொன்னாளே, அது இதுதான்.

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. தான்தான் சரியாக இழுக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். இந்த வயதில் எனக்கு இது வேண்டாத ஆசை என்று சொல்லி, பெரிய சோபா உறை ஒன்றைப் போட்டு வண்டியை மூடிவிட்டு, விற்றுத்தரும்படி மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டாள். பதினோரு நாள் நான் மூச்சுவிடவில்லை. முதல் இரண்டு நாள், உன்னிடம் மறைப்பானேன், அப்பாடா என்றுகூட இருந்தது. அப்புறம் ஒரு நாள் அவள் அந்த வாடகை வண்டிக்காரரிடம் போனில் கெஞ்சுவதைக் கேட்டேன். வண்டி பார்க்க ஆள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது, சனிக்கிழமை அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். எத்தனை சுற்று என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது. பதினோரு நாளாக என் கையையே நம்பாமல் ஊசியில் நூல் கோக்கப் பயந்துகொண்டிருந்தேன், அதைப் பார்த்துக்கொண்டே பேப்பர் படித்தீர்களே என்றாள். மறுநாள் வந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டுத் தானே அடியில் படுத்து முடுக்கினாள், பழையபடி அசையாத மாதிரி. மெக்கானிக் வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, இதுதான் சரியான அளவு, முதலிலும் அக்கா இப்படித்தான் வைத்திருந்தார்கள் என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

நேற்று ஒரு சோபாவும் இரண்டு நாற்காலியும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். வாயால் கூப்பிடவில்லை, பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினாள், ஏறிக்கொண்டேன். கியரை அரைக்கிறாள், திருப்பத்தில் ஹாரன் கிடையாது, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டு நாலு கிலோமீட்டரை நாற்பது நிமிஷம் ஓட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெறும் தரையை மிதித்து மிதித்து என் வலது கால் இன்னும் வலிக்கிறது. கடைத்தெரு முனையில் என் பக்கத்து ஓரத்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. எனக்குத் தெரியவே இல்லை, மகளே. அவள் பார்த்துவிட்டாள், நிறுத்திவிட்டாள்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இந்த வாரம் பேசும்போது வண்டி எப்படி ஓடுகிறது என்று நீயாக அவளிடம் கேள், தோளைப் பற்றிக் கேட்காதே.

ஆசிகளுடன்,
அப்பா