பாவனையில் இல்லாத இலக்கம்

ஜூன் 7, வெள்ளி

விளக்கு வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். போன் அடித்தது. ஒரே ஒரு தரம். பிறகு நின்றுவிட்டது. பிள்ளை சுகமாக இருக்கிறாள்.

மகள் லக்சிகா பிரசாந்தனோடு போய் இந்த மாதத்தோடு இரண்டு வருடம். பிரசாந்தன் நல்ல பெடியன். நான் வேலை செய்கிற சங்கக்கடைக்குச் சாமான் இறக்க வரும்போது எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், ஒரு மூட்டையைக்கூட எறிய மாட்டான். ஆனால் அவனுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அது இவருக்கு, பிள்ளையின் அப்பாவுக்கு, பெரிய விஷயமாகிவிட்டது. "எங்க கண்டாலும் ரெண்டு பேரையும் வெட்டுவன்" என்று முற்றத்தில் நின்று கத்தினார். வயலுக்குள் வந்த பன்றியைக்கூடக் கொல்லாமல் கல்லெறிந்து துரத்திவிடுகிற மனிசன். பிள்ளை அதை நம்பிவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை தெரியாது. கூப்பிடும்போது தன்னுடைய இலக்கம் விழாதபடி ஏதோ செய்து வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் இந்த ஒரு மணிதான் எங்கள் இருவருக்கும் கதை.

ஒரு தடவை ஆசை தாங்காமல் எடுத்துவிட்டேன். உடனே வெட்டினாள். அடுத்த வெள்ளி அடிக்கவே இல்லை. அந்த ஒரு கிழமை நான் பட்ட பாடு. அதற்குப் பிறகு தொடுவதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

ஜூன் 11, செவ்வாய்

கடையில் பருப்பு முடிந்துவிட்டது. முள்ளியவளை ஊர் முழுக்க என்னைத்தான் ஏசியது. பருப்பை நானா அவித்துத் தின்றேன்?

ஜூன் 14, வெள்ளி

அடிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

வேலைக்குப் போயிருப்பாள். அல்லது போனில் சார்ஜ் இல்லாமல் இருந்திருக்கும். சோளகக் காற்று பேய் மாதிரி வீசுகிறது, எத்தனை இடத்தில் கரண்ட் இல்லை. காரணம் எத்தனையோ இருக்கும்தானே.

ஜூன் 21, வெள்ளி

இன்றும் இல்லை. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. இவர் வந்து "சாப்பாடு இல்லையோ?" என்று கேட்டார். குசினிக்குள் போய்ப் போட்டுத் தின்னுங்கோ என்று சொன்னேன். பேசாமல் போய்ப் போட்டுச் சாப்பிட்டார். அதுவே ஒரு புதுமை.

வருத்தம் ஏதும் வந்து படுத்துவிட்டாளோ. அந்தப் பெடியன் விட்டுவிட்டுப் போய்விட்டானோ. யாரிடம் கேட்பது?

ஜூன் 22, சனி

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. செத்தது சிம்.

காலையில் போனைக் கொண்டுபோய், றீலோட் போடுகிற சிறாஜிடம் காட்டினேன். என்னுடைய போனுக்குள் இரண்டு சிம். ஒன்று எல்லாருக்கும் எடுத்துக் கதைக்க. மற்றது பழையது, பிள்ளைக்குத் தெரிந்த இலக்கம், அது வெள்ளிக்கிழமைக்கு மட்டும்தான். "அக்கா, பழையதைக் கம்பனி வெட்டிப்போட்டான்" என்றான் சிறாஜ்.

மற்ற சிம்மிலிருந்து அந்த இலக்கத்துக்கு அடித்துப் பார்த்தேன். "நீங்கள் அழைத்த இலக்கம் தற்போது பாவனையில் இல்லை" என்று ஒருத்தி சொல்கிறாள். மூன்று மொழியிலும் சொல்கிறாள், ஒரு மொழியிலும் கவலை இல்லை.

இரண்டு வெள்ளியாக என் பிள்ளை கேட்டுக்கொண்டிருப்பது இந்தக் குரலைத்தான்.

ஜூன் 24, திங்கள்

கம்பனிக்கு எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அமத்தச் சொன்னார்கள், அமத்தினேன். பாட்டுப் போட்டார்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றார்கள். மறுபடி பாட்டு. கடையில் நான் இப்படி ஒரு ஆளைக் காக்க வைத்தால் கோதுமை மாவைத் தலையில் கொட்டிவிட்டுப் போவார்கள். கடைசியில் ஒரு பெடியன் வந்தான், அவனுக்குத் தமிழ் தெரியாது. "அக்கா, அக்கா" என்று மட்டும் அன்பாகச் சொன்னான். பிறகு தமிழ் தெரிந்த ஒரு பிள்ளைக்கு மாற்றுகிறேன் என்றது விளங்கியது. மாற்றும்போது கட்டாகிவிட்டது.

இரண்டாம் தரம் எடுத்தபோது வவுனியாக் கிளைக்கு நேரே போகச் சொன்னார்கள்.

ஜூன் 27, வியாழன்

வவுனியா போய் வந்தேன். கடைக்கு லீவு போட்டு, விடியப் பஸ் ஏறி, அங்கே கண்ணாடிக் கதவுக்குள் போனால் குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. இலக்கத் துண்டு தந்தார்கள். எனக்குப் பிறகு வந்த புதுப் போன் வாங்குகிற ஆட்களை எல்லாம் கதிரை போட்டு இருத்தி வேலை முடித்து அனுப்பினார்கள்.

கழுத்துப்பட்டி கட்டிய தம்பி ஒருவன் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இந்த இலக்கம் கனகாலம் பாவிக்கேல்லை. அதால தானா வெட்டுப்பட்டிட்டுது."

"பாவிக்கேல்லையோ? ஒவ்வொரு வெள்ளியும் அடிச்சது, தம்பி."

"நீங்கள் எடுத்துக் கதைச்சனீங்களோ?"

"இல்லை."

"நீங்கள் ஆருக்கும் எடுத்தனீங்களோ? றீலோட் போட்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப அது பாவனை இல்லை அக்கா. எடுத்தால்தான் கணக்கு."

அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? இந்த ஊரில் பாதிச் சனம் மணி அடித்து வெட்டியே காலம் தள்ளுகிறது. பஸ் ஏறிவிட்டேன் என்றால் ஒரு அடி, வயலுக்குச் சாப்பாடு கொண்டு வா என்றால் இரண்டு அடி. எடுத்தால்தான் பிழை. அதைப் பாவனையே இல்லை என்று கம்பனி கணக்கு வைத்திருக்கிறது.

"அடிச்ச இலக்கம் உங்கட கணினிக்குள்ள இருக்கும்தானே? அதையாவது சொல்லுங்கோ" என்று கேட்டேன். அப்படிச் சொல்ல ஏலாதாம், சட்டமாம். அவனுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாது. பெத்தவள் நான். என்ன சட்டமோ.

அதோடும் விடவில்லை. சிம் என் பெயரில் இல்லை. பஸ்லியா அக்காவின் பெயரில் இருக்கிறது. உரிமையாளர் நேரே வந்தால் மாத்திரம் திருப்பித் தருவது பற்றி யோசிக்கலாமாம். எனக்கு அது மறந்தே போய்விட்டது. சண்டை முடிந்து முகாமிலிருந்து வந்த வருடம் எங்களில் ஒருவரிடமும் அடையாள அட்டை இல்லை, எல்லாம் ஓடின வழியில் போய்விட்டது. புத்தளத்திலிருந்து பக்கத்து ஊரான நீராவிப்பிட்டிக்குத் திரும்பி வந்த பஸ்லியா அக்காவின் கையில் அட்டை இருந்தது. அவ தன்னுடைய அட்டையைக் காட்டி எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லா வீட்டுக்கும் சிம் எடுத்துத் தந்தவ.

ஜூன் 28, வெள்ளி

அடிக்காது என்று தெரியும். தெரிந்தும் கதிரையில் போய் இருந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

நீராவிப்பிட்டிக்குப் போனேன். பஸ்லியா அக்காவின் வீடு பூட்டியிருந்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் புத்தளம் போயிருக்கிறாவாம். பக்கத்து வீட்டில் இலக்கம் வாங்கி, அங்கேயே நின்று எடுத்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்க முதலே "எப்ப வரணும் சொல்லு, நான் வாறன்" என்றா. பேரன் பிறந்து இரண்டு கிழமையும் இல்லை. நன்றி சொல்லப் போக அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்து, வியாழன் மறுபடி வவுனியா போக வேண்டும் என்று மட்டும் இவரிடம் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை.

"நானும் வாறன்" என்றார்.

"உங்களுக்கென்ன அங்க வேலை?"

மண்வெட்டியைக் கழுவினார். "மூண்டு வெள்ளியா மணி கேக்கேல்லை" என்றார்.

இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும் இந்த மனிசனுக்குக் கிணற்றடியில் ஏதாவது வேலை இருக்கும். குசினிக்குப் பின்பக்கம். எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

ஜூலை 4, வியாழன்

பஸ்லியா அக்கா புத்தளத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து எங்களுக்கு முதலே வாசலில் நின்றா. அதே கழுத்துப்பட்டித் தம்பி. அட்டையைப் பார்த்தான், கைரேகை எடுத்தான், எல்லாம் சரி என்றான். சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பிறகு கேட்டான்: "இந்த இலக்கத்தில இருந்து நீங்கள் அடிக்கடி எடுக்கிற அஞ்சு இலக்கம் சொல்லுங்கோ."

"அதில இருந்து ஒருத்தருக்கும் எடுக்கிறதில்லைத் தம்பி. வாறது மட்டும்தான்" என்றேன்.

"அஞ்சு இலக்கம் இல்லாட்டி சிஸ்டம் ஏற்காது அக்கா."

பஸ்லியா அக்கா இரண்டு கையையும் மேசையில் ஊன்றினா. "மகன், சிம் என்ட பேரில. பிள்ளை இவவுட. அந்தப் பிள்ளைக்கு இந்த இலக்கத்த விட்டா வேற வழி இல்ல. உன்ட சிஸ்டத்துக்குத் தாய் தகப்பன் இருக்கா?"

அவன் சிவந்துபோனான். பாவம், அவனும் யாரோ சொன்னதைத்தான் சொல்கிறான். பருப்பு இல்லை என்று நான் சொல்வதில்லையா? மேலிடத்துக்கு அனுப்புகிறேன், மூன்று நாளில் பதில் வரும் என்று ஒரு முறைப்பாட்டு இலக்கம் தந்தான்.

இவர் வெளியே வந்து பஸ்லியா அக்காவுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். வரும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பி இருந்துகொண்டு, "நான் அப்பிடிக் கத்தியிருக்கக்கூடாது" என்றார். அதற்கு நான் பதில் சொல்லியிருந்தால் பஸ்ஸே கேட்கும்படி சொல்லியிருப்பேன்.

ஜூலை 5, வெள்ளி

இன்று அவர் கிணற்றடிக்குப் போகவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். செத்த சிம் கிடக்கிற போனை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 9, செவ்வாய்

மூன்று நாள் எப்போதோ முடிந்துவிட்டது. எடுத்துக் கேட்டேன். "உங்கள் முறைப்பாடு வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டு மூடப்பட்டுள்ளது" என்றாள் ஒரு பிள்ளை, நல்ல தமிழில், சிரித்த குரலில். என்ன தீர்த்தனீங்கள் பிள்ளை? சிம் வேலை செய்யேல்லை. "அப்படியென்றால் புதிய முறைப்பாடு ஒன்று பதியவேண்டும் அம்மா." பதிந்தேன். வேறு என்ன செய்ய.

இவளுடைய குரல் லக்சிகாவின் குரல் மாதிரி இருந்தது. உண்மையில் இருந்ததா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா? இப்போது எந்தப் பெண்பிள்ளை கதைத்தாலும் காது அதைத்தான் தேடுகிறது. அவள் குரல் மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு வருடமாக மணிச் சத்தம் தவிர வேறு என்ன கேட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

ஐந்தாவது வெள்ளி. அவள் இனி அடித்துப் பார்க்காமல் விட்டிருப்பாள். அம்மா இலக்கத்தை மாத்திப்போட்டா, என்னை வேண்டாமெண்டு விட்டிட்டா — அப்பிடித்தானே நினைப்பாள். நானெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பன்.

ஜூலை 14, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

காலை பத்து மணியிருக்கும். நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். படலைக்கு வெளியே ஒரு ஓட்டோ. இறங்கியது லக்சிகா. வயிறு தெரிகிறது, ஆறு மாதமாவது இருக்கும். படலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். விளக்குமாறோடு நான் நிற்கிறேன், உயிரோடு நிற்கிறேன், அதைப் பார்த்தாள்.

"அம்மா, இலக்கம் பாவனையில இல்லை எண்டு சொன்னது," என்றாள். "ஒவ்வொரு வெள்ளியும் அதையே சொன்னது. நீங்கள் செத்துப்போனியள் எண்டு நினைச்சன். ஆரிட்டக் கேக்கிறது? அப்பா வெட்டினாலும் பரவாயில்லை, போய்ப் பாப்பம் எண்டு வெளிக்கிட்டு வந்தன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வயிறு.

இவர் சத்தம் கேட்டுப் பின்பக்கமிருந்து வந்தார். அவள் என் பின்னால் ஒதுங்கினாள். இவர் அவளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"அவர் எங்க?" என்று கேட்டார். பிரசாந்தனை "அவர்" என்று சொன்னதை நான் கவனித்தேன்.

"சந்தியில நிக்கிறார், அப்பா. வரப் பயம்."

"வெயிலுக்க ஏன் நிக்க விட்டனி?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சேட்டுக்கூடப் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் பிரசாந்தன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வர, இவர் பின்னால் கரியரில் இருந்து வந்தார்.

கொழும்புக்குக் கிட்ட, பியகமப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் இரண்டு பேருக்கும் வேலையாம். இனி பிள்ளை பிறக்கும்வரை இவள் இங்கேதான் நிற்பாள் என்று நான் சொல்ல முதல் இவர் சொல்லிவிட்டார்.

ஜூலை 19, வெள்ளி

விளக்கை இன்று லக்சிகா வைத்தாள்.

ஜூலை 26, வெள்ளி

பழைய சிம் உயிர்த்துவிட்டது. யார் செய்தது, ஏன் இப்போது செய்தது, ஐந்து இலக்கம் என்ன ஆனது, ஒன்றும் தெரியாது. பின்னேரம் அந்த இலக்கத்துக்கு மணி அடித்தது. பழக்கதோஷத்தில் நான் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்காமல் அடித்தது. "எடுங்கோ அம்மா" என்று லக்சிகா குசினிக்குள் இருந்து கத்தினாள்.

கம்பனி. பதிவு செய்த குரல். உங்கள் முறைப்பாடு தொடர்பாக எங்கள் சேவையில் நீங்கள் எவ்வளவு திருப்தி அடைந்தீர்கள்? மிகவும் மோசம் என்றால் ஒன்று, மிகவும் நன்று என்றால் ஐந்து.

"ஒண்டைக் குத்து. அதுக்குக் கீழ ஏதும் இருந்தா அதைக் குத்து" என்றார் இவர்.

முதல் நாளே அந்தத் தம்பி சிம்மைத் தந்திருந்தால், நான் இப்போதும் கதிரையில் இருந்து ஒரு மணிக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். குசினிக்குள் அவள் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது.

ஐந்தை அமத்தினேன்.