எரிமலை மண்

மார்ச் 3
நெடிய ஆலோசனைக்குப் பின் பற்பசையை மாற்றுவதென்று தீர்மானித்தேன். பழையதில் மணமே இல்லை. புதியதிலும் இல்லை. மனைவி மோந்து பார்த்துவிட்டு, "கிராம்பு மூக்கைத் துளைக்குது, உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். தெரியவில்லை. போன மாதக் காய்ச்சல் போகிறபோது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

ஒயின் இறக்குமதி நிறுவனத்தில் முகர்ந்து, சுவைத்து, தரம் சொல்வது என் வேலை. வேறு தொழில் தெரியாது.

மார்ச் 4
டாக்டர் சொன்னது: "வரும். வராமலும் போகலாம்." நிறையப் படித்தவர்.

மார்ச் 9
இத்தாலியிலிருந்து இனிப்பில்லாத நுரை ஒயின், வெள்ளை. மாதிரிக்கு மூன்று புட்டி. எங்கள் அறையில் மூத்தவன் முதலில் பேசுவான், அதாவது நான். மற்றவர்கள் அதையே சுயமாகக் கண்டுபிடிப்பார்கள். குமிழிகள் ஒழுங்காக ஏறின. நாக்கில் புளிப்பு, குறுகுறுப்பு. மற்றபடி சோடா. பழக்கதோஷத்தில் "பச்சை ஆப்பிள், பேரிக்காய்" என்றேன்.

புதிதாகச் சேர்ந்த பெண் கிளாஸைக் கீழே வைத்தாள். "சார், அழுகின முட்டை நாத்தம் அடிக்குது. மூணுலயும்."

"அது எரிமலை மண்ணோட வாசனைம்மா" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்?

முதலாளியின் மருமகன் மறுபடி முகர்ந்தார். கண்ணில் நீர் கட்டிவிட்டது. மாமனாரைப் பார்த்து, "ஆமா மாமா, எரிமலையேதான்" என்றார்.

மாமனார் அங்கேயே ஆர்டர் கொடுத்தார்.

மார்ச் 10
மருமகனுக்குக் கண்ணே கலங்கியதே, அவள் சொன்னதுதான் சரி. நான்தான் — சே! வேலை போயிடுமேன்னு ஒரு பொண்ணை எல்லார் முன்னாடியும் முட்டாளாக்கிட்டேனே.

மார்ச் 11
முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "ஐயா, என் மூக்கு செத்துப்போச்சு. சரக்கு கெட்டுப்போனது. ஆர்டரை நிறுத்துங்க."

எழுந்து கதவைச் சாத்தினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்ல."

"அதோட நிக்கட்டும். எல்லா விளம்பரத்துலயும் உங்க படம் போட்டிருக்கு. மூக்கு ஊர்ல எல்லாருக்கும் இருக்கு, உங்க பேர் யாருக்கு இருக்கு?"

"சரக்கு?"

"எரிமலை மண்ணுன்னு லேபிள்லயே போடச் சொல்லிட்டேன். நல்லா இருந்துச்சு அது."

அலுப்பாக இருந்தது. வாதாடவும் தெம்பில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி அவர் ஏதும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2
சரக்கு வந்து இறங்கியது. அந்தப் பெண்ணைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள்.