மூன்றாம் சுற்றில் மெழுகுவர்த்தி

ஓக்லஹோமா,
9 அக்டோபர் 1993

அன்புள்ள நோரா,

இங்கே எல்லோரும் நலம். கோடியாக் தீவின் குளிரில் நீயும் உன் பள்ளிப் பிள்ளைகளும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் அனுப்பிய கம்பளிக் காலுறை வந்ததா? வந்திருந்தால் போட்டுக்கொள். பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே.

இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பதில் பேசாமல் இருந்தால் அது எனக்குக் கேட்கும். அதற்குப் பயந்துதான் எழுதுகிறேன். ஹோலிஸ் ப்ரூயிட் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அப்பாடா, எழுதிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் இதை எழுத மூன்று தாள் வேண்டியிருக்கிறது, பார்.

ஹோலிஸ் இந்த ஊர்த் தீயணைப்பு அதிகாரி. மனைவியை இழந்தவர். கல்லூரித் தெருவில் உள்ள சங்க வீடுகளையெல்லாம் சோதனை போடுவது அவர் வேலை. அவருடைய வண்டி முனையில் திரும்பினாலே என் பொறுப்பில் உள்ள சொராரிட்டி, அதான் மாணவிகள் சங்க வீட்டு மாடியில் ஒரே ஓட்டம். "ஐயோ, ப்ரூயிட் வந்துட்டாருடி! மெழுகுவர்த்திய ஒளிச்சு வைங்கடி, அயர்ன் பாக்ஸப் பிடுங்குடி!" என்று அறுபது பெண்களும் கத்துவது சர்ச் வரைக்கும் கேட்கும். காதில் விழாத மாதிரி அவர் என் சமையலறையில் உட்கார்ந்து, அவர்கள் ஒளித்து முடிக்கும்வரை காபி குடிப்பார். பிறகு மாடிக்குப் போய், ஒளித்த இடத்திலேயே கையை விட்டு எடுப்பார். "சட்டம்னா சட்டம்தாம்மா" என்பார். முதல் வருடம் ஒரு கோப்பை காபி. இப்போது இரண்டு கோப்பை, கூடவே நான் சுட்ட பெக்கன் பருப்பு இனிப்பு ஒரு துண்டு. சோதனையும் அடிக்கடி வர ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது, சிரிக்காதே.

நீ படிக்கும்போது எந்தச் சங்கத்திலும் சேரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள். அதனால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் அவள் வாய் திறக்கமாட்டாள். பெயரில்லாத சீட்டு ஒன்றைத் தலைவியின் கதவுக்கடியில் தள்ளிவிடுவாள், மோதிரத்தோடு. திங்கள் விருந்து முடிந்ததும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வட்டமாக நிற்போம். மோதிரத்தை ரிப்பனில் கட்டிய மெழுகுவர்த்தி கைமாறிக்கொண்டே வரும். முதல் சுற்று சங்கச் சகோதரிகள் எல்லோருக்கும். இரண்டாம் சுற்று காதலுக்கு. மூன்றாம் சுற்றில், யாருக்கு நிச்சயமோ அவள் ஊதி அணைப்பாள். அப்புறம் கூச்சலில் கூரை பறக்கும்.

உன் அப்பா இறந்த வருடம்தான் இந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தேன். அன்றிலிருந்து நானும் அந்த வட்டத்தில் நிற்கிறேன். வாங்குவேன், அடுத்தவளிடம் தள்ளுவேன். வரும் 25ஆம் தேதி விருந்துக்கு என் சீட்டையும் தள்ளலாம் என்றிருக்கிறேன். டைப் அடித்துத்தான். குளியலறை வடிகாலில் முடி போடாதீர்கள் என்று நான் எழுதி ஒட்டாத சுவர் இல்லை. என் கையெழுத்து எல்லோருக்கும் அத்துப்படி.

ஆனால் நோரா, நீ அப்பாவின் செல்லம். அடக்கத்துக்கு வந்துபோனதோடு சரி, அப்புறம் இந்த ஊர்ப்பக்கம் நீ எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. உனக்கு இதில் சம்மதமில்லை என்றால் நான் அதை ஊதமாட்டேன். அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் படுக்கப்போவேன். கோபித்துக்கொள்ளவும் மாட்டேன். 25ஆம் தேதிக்குள் ஒரு வார்த்தை சொல்.

கையைச் சூடாக வைத்துக்கொள்.

உன் அம்மா,
வெர்னா


ஓக்லஹோமா,
26 அக்டோபர் 1993

அடி கள்ளி நோரா,

உன்னை என்ன செய்தால் தகும்? நேற்று கத்திய கத்தலில் குரலே போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வாரமாகத் தபால்காரரை நான் படுத்திய பாட்டில், அவர் எங்கள் வாசலுக்கு வரவே அஞ்சினார். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனும் இல்லை. ஏதோ ஒரு நம்பிக்கையில் சீட்டையும் ஹோலிஸ் கொடுத்த பழைய மோதிரத்தையும் ஷெல்பியின் கதவுக்கடியில் தள்ளிவிட்டேன். அதிலிருந்து வீடு வீடாக இல்லை. டல்சாவிலிருந்து வந்த டாரா என்கிற வாயாடி, தலைவி ஷெல்பியைத் துரத்தித் துரத்தி, "சத்தியமா சொல்லுடி, யாருக்குடி?" என்று பிடுங்கி எடுத்தாள். "எனக்கே தெரியாதுடி" என்று அவள் சாதித்தாள். நானும் சும்மா இருக்காமல், "உனக்குத்தானோ டாரா?" என்று கிள்ளிவிட்டேன். "என் ஆளா? அவனுக்கு சாக்ஸே துவைக்கத் தெரியாது மிஸ் வெர்னா, அவனா மோதிரம் வாங்குவான்?" என்றாள்.

நேற்று விளக்கை அணைத்தோம். சட்டப்படி ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருந்தது. மெழுகுவர்த்தி புறப்பட்டது. மோதிரத்தின் சிவப்புக் கல்லைப் பார்த்துவிட்டு டாரா, "என்னடி இது, மியூசியத்துலேர்ந்து திருடிட்டு வந்தானா மாப்பிள்ளை?" என்று கிசுகிசுத்தாள். என் காது சுட்டது. இரண்டு சுற்று போயிற்று. மூன்றாவதில் என் கைக்கு வந்தபோது மூச்சை இழுத்தேன். அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றாயே, அந்த முகம் என் கண்முன் வந்தது. என்னால் முடியவில்லை நோரா. எப்போதும் போல அடுத்தவளிடம் நீட்டினேன்.

அடுத்தவள் ஷெல்பி. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்குடி" என்று முணுமுணுத்தேன். "மாட்டேன் மிஸ் வெர்னா" என்றாள். மெழுகு என் விரலில் சொட்டியது. அவள் என் காதோரம் குனிந்து, "உங்க பொண்ணு மாடி போனுக்குப் பண்ணித் தலைவியைக் கேட்டா. அம்மா கடைசி நிமிஷத்துல உங்கிட்ட தள்ளிவிடுவா, கையை நீட்டிடாதேன்னா. சம்மதமான்னு கேட்டேன். நூறு தடவை சம்மதம்னா. அதை அம்மாகிட்டயே சொல்லேன்னேன். நான் பேசினா அழுதுடுவேன், அம்மா என்னைத் தேத்தறதுலயே கல்யாணத்தை மறந்துடுவான்னா. ஊதுங்க" என்றாள்.

ஊதினேன்.

இருட்டில் அவர்கள் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. என்னைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். டாரா அழுதுகொண்டே, "நாங்க எவனோட வெளிய போனாலும் கதவுகிட்ட நிப்பீங்களே மிஸ் வெர்னா, உங்களுக்கு யாரு நின்னா?" என்று கேட்டாள். "அவர் காபி குடிச்சப்ப கதவு திறந்துதாண்டி இருந்தது" என்றேன். எவளும் நம்பவில்லை.

வாசலில் ஹோலிஸ் நல்ல கோட்டும் தொப்பியுமாகக் காத்திருந்தார், பாவம். கூச்சல் கேட்டு எதிர்வீட்டுப் பையன்கள் பாய்ந்து வந்தார்கள். நிச்சயமான மாப்பிள்ளையைக் குளத்தில் போடுவது அவர்கள் சங்கத்து வழக்கம். போன மாதம் அவர்கள் பழைய சோபாவைக் கொளுத்தியபோது அணைத்து, ஒரு மாதம் தெருவைக் கூட்டவைத்தவர் இவர். விடுவார்களா? "பொறுங்கடா, வாட்சைக் கழட்டிக்கறேன்" என்றார். "சட்டம்னா சட்டம்தான் சார்!" என்று நாலு பேர் அலாக்காகத் தூக்கிப் போய் நூலகக் குளத்தில் போட்டார்கள். தொப்பி மட்டும் தனியாக மிதந்தது. உன் அப்பா இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். இதை ஹோலிஸிடமே சொன்னேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "அவரும் ஒரு காலைப் பிடிச்சிருப்பாரு" என்றார்.

கல்யாணம் டிசம்பர் முதல் சனிக்கிழமை. பெண்கள் விடுமுறைக்குக் கிளம்பும் முன்னால் வைக்காவிட்டால் என்னைக் கொன்றுவிடுவார்களாம். கேக், பூ, பாட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. என்னைச் சர்ச்சில் கைபிடித்து அழைத்துப் போவது யார் என்று அறுபது பேரும் அடித்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவின் கம்பளிக் கோட்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, நோரா. பூச்சி அரிக்காமல் ஹோலிஸ்தான் போன வாரம் அதற்கு அந்துருண்டை போட்டு உறையில் மாட்டினார். "பொண்ணு வந்தா கேப்பா" என்றார். டிசம்பரில் இங்கேயும் குளிர் கடுமை. வெறுங்கையோடு வா, அதைப் போட்டுக்கொள்ளலாம்.

வந்து அழு. உன்னைத் தேற்றிவிட்டே கல்யாணம் செய்துகொள்கிறேன்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

வாசலில் நிற்கும்
உன் அம்மா