ஒரு ஃபோர்ட்நைட்டுக்கு எத்தனை நாள்?

அக்கா,

இன்று காலை எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் கதவின்மேல் ஒரு அறிவிப்பு. பழுதுபார்க்கும் வேலை ஒரு ‘ஃபோர்ட்நைட்’ நடக்குமாம். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “எத்தன நாளு லா அது?” என்று என்னைக் கேட்டார். எட்டு மாடி ஏற வேண்டுமே என்று கவலைப்படாமல் நான் நின்று சிரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இப்போது யார் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள்? ‘டூ வீக்ஸ்’ என்றால் முடிந்தது. ஆனால் லிட்டில் இந்தியாவில் நாம் வேலை பார்த்த கிளினிக்கின் டாக்டருக்கு அதுதான் பிடித்த சொல். காய்ச்சலோ, காயமோ, யார் வந்தாலும் சீட்டில் ‘ஒரு ஃபோர்ட்நைட் கழித்துப் பார்க்கவும்’ என்று ஆங்கிலத்தில் கிறுக்கிவிடுவார். அதைத் தமிழில் எழுதிக் கொடுத்து அனுப்புவது கவுண்ட்டரில் இருந்த நம் இருவர் வேலை. நீங்கள் கல்யாணமாகித் தஞ்சாவூரிலிருந்து வந்தவர். நான் இங்கேயே பிறந்து படித்தவள். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

நீங்கள் எல்லாருக்கும் ‘15 நாளில் வரவும்’ என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டேன். ‘ஃபோர்ட்டீன் நைட்ஸ்’, பதினாலு இரவு என்பதுதான் சுருங்கி ஃபோர்ட்நைட் ஆனது, பதினைந்து எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்தேன். அதோடு விட்டிருக்கலாம். வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, “இங்கிலீஷ் தெரியலன்னா என்னைக் கேளுங்கக்கா, நீங்களா எழுதாதீங்க” என்று சொன்னேன். நீங்கள் பேனாவை மூடி என் பக்கம் தள்ளி வைத்தீர்கள். அன்றிலிருந்து சீட்டு எழுதுவது என் பொறுப்பானது. ‘14 நாளில் வரவும்.’ எவ்வளவு அழகாக எழுதினேன்!

கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு தம்பி, ஞாயிற்றுக்கிழமை உள்ளங்கையில் தையல் போட்டுக்கொண்டு போனார். என் சீட்டைப் பிடித்துக்கொண்டு, தையல் பிரிக்க அடுத்த வாரச் சனிக்கிழமை மதியம் வந்து நின்றார். சனிக்கிழமை மதியம் டாக்டர் பாசிர் ரிஸில் இருக்கும் இன்னொரு கிளினிக்குக்குப் போய்விடுவாரே. நாளைக்கு வாங்க என்றேன். முடியாதாம். இன்று அரைநாள் விடுப்பு வாங்க, நாளை ஞாயிறு வேலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை விமானம். புதன்கிழமை ஊரில் அவருக்குக் கல்யாணம்.

எனக்குக் கோபம் வந்தது. நாள் எண்ணத் தெரியாதா என்று கேட்டேன். அவர் பாவம், என் முன்னாலேயே விரலை மடக்கி எண்ணினார். தையல் போட்ட ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு. பதினாலு சரியாகச் சனிக்கிழமையில் வந்து நின்றது. ஊரில் ஒரு வாரத்தை ‘எட்டு நாள்’ என்பார்களே, அந்தக் கணக்கு. வந்த நாளையும் சேர்த்து எண்ணுகிறவரிடம் பதினைந்து என்றால்தான் சரியாக இரண்டு வாரம் கழித்து ஞாயிறு, லீவு நாளில் வந்து சேருவார். இது உங்களுக்கு முன்பே தெரியும். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நீங்கள் “பாத்தியா” என்றுகூடச் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தீர்கள், டாக்டருக்குப் போன் போட்டீர்கள், கைப்பையை மாட்டிக்கொண்டு அந்தத் தம்பியோடு பாசிர் ரிஸ் போக எம்ஆர்டி ரயிலுக்கு நடந்தீர்கள். நான் கவுண்ட்டரில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கு உங்கள் போன் வந்தது. “பிரிச்சாச்சு. தாலி கட்டுற கை ஜம்முனு இருக்கு. ரயில்ல பூரா பொண்ணு போட்டோவைக் காட்டிக் காட்டி என் கண்ணு வலிக்குது.”

மறுவாரம் முதல் சீட்டில் தேதியும் கிழமையும் எழுத ஆரம்பித்தோம். அந்தச் சின்ன யோசனை ஏன் முதலிலேயே வரவில்லை என்று கேட்காதீர்கள். சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. பேனாவை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்தேன், நீங்களும் எடுத்துக்கொண்டீர்கள். அதற்குப்பின் எத்தனை வருஷம்! எத்தனை தேநீர், எத்தனை தீபாவளிச் சேலை பேரம், டாக்டரைப் பற்றி எவ்வளவு வம்பு! மன்னிப்பு என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வரவே இல்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து, சாப்பாட்டில் உப்பில்லை என்று நர்ஸைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன். “அக்கா, ஒருநாள் எல்லார் முன்னாடியும் உங்களுக்கு இங்கிலீஷ் தெரியலன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு மறந்திருக்கும்.”

“செவ்வாய்க்கிழம” என்றீர்கள். “பச்சைச் சுடிதார் போட்டிருந்த.”

இத்தனை வருஷமும் மனதில் வைத்திருந்தீர்களா என்று கேட்டேன்.

“வச்சிருந்தேன்” என்று சிரித்தீர்கள். “இன்னியோட விட்டுட்டேன். போய் அந்த நர்ஸ்கிட்ட உப்பு வாங்கிட்டு வா.”

நீங்கள் விட்டுவிட்டீர்கள் அக்கா. அந்தச் செவ்வாய்க்கிழமையை நான்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.