மஞ்சள்காரர்கள் கீழே போன வருஷம்

என்னங்க,

வேறு பெயர் சொல்லி நான் உங்களைக் கூப்பிட்டதில்லை. இனிமேல் புதிதாகப் பழகவும் வேண்டாம். சபை மலரில் போட உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார் பாஸ்டர் ஐயா. மற்றவர்களிடம் உங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை, உங்களிடமே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் நீங்கள் கேட்கப்போவதைச் சொல்கிறேன். மஞ்சள்காரர்கள் கீழே போய்விட்டார்கள். பொறுங்கள், கதை அதோடு முடியவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். இங்கிலாந்தில் கால்பந்துக் கிளப்புகள் படிப்படியாக இருக்கின்றன. உச்சிப் படியில் ஆடுகிறவர்களை உலகமே பார்க்கும். நீங்கள் பார்த்தது இரண்டாம் படியில் இருந்த ஒரு கிளப்பை. வருஷக் கடைசியில் மேலே நிற்கிற சிலர் ஏறுவார்கள், அடியில் கிடக்கிற மூன்று கிளப்புகள் மூன்றாம் படிக்கு இறங்கும். அந்த ஊர்ப் பெயரை நான் சொன்னால் சிரிப்பீர்கள். சட்டை மஞ்சள் என்பதால் நம் வீட்டில் அவர்கள் மஞ்சள்காரர்கள்.

ஏன் அந்தக் கிளப் என்று ஒருமுறை கேட்டேன். "அதுவும் நம்மள மாதிரி மைன்ஸ் ஊரு எஸ்தரு. நிலக்கரி. அங்கயும் ஷாஃப்ட்டை மூடிட்டாங்க. ஆட்டத்தை மட்டும் மூடல" என்றீர்கள். உங்கள் அப்பா தங்கம் வெட்ட இறங்கிய ஷாஃப்ட், இப்போது மூடிக் கிடக்கிற சுரங்கம், இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். 

அவர்கள் கீழே போகாமல் தப்பிக்கிற ஒவ்வொரு வருஷமும் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவீர்கள். கவரின் மேல் காரணம் என்று இருக்கும் இடத்தில் "ஓராண்டு தாங்கின கிருபைக்காக" என்று எழுதுவீர்கள். பாஸ்டர் ஐயா அதைப் பலிபீடத்துக்கு முன் நின்று உருக்கமாக வாசிப்பார். உங்கள் சர்க்கரை வியாதிக்கு என்று பெண்கள் நினைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் நான் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்குவேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக நீங்கள் என்னிடம் கேட்டதும் அதுதான். "இந்த வருஷமும் அவங்க கீழ போவலன்னா, காணிக்கையை மறந்துடாத." சரி என்றேன். அந்த சீசனின் முதல் ஆட்டம் மட்டும் பார்த்தீர்கள். இரண்டாவதற்கு நீங்கள் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். உங்களை அடக்கம் செய்த பிறகு ஒரு ஞாயிறும் கோயில் தவறவில்லை. முழங்காலில் நின்றேன், வேதம் வாசித்தேன். ஆனால் நன்றி சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பாட்டு வரும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன். உங்கள் உயிருக்காக அத்தனை கேட்டேனே, எதற்கு நன்றி சொல்வது?

பந்து பார்க்க உட்கார்ந்தது துக்கத்தில் இல்லை. ஆட்டம் காட்டுகிற அந்த டிவி ஆப்புக்கு வருஷம் முழுவதற்கும் பணம் கட்டிவிட்டுப் போயிருந்தீர்கள். பால், கேஸ், கரண்ட் என்று எழுதுகிற என் கணக்கில் "பந்து" என்று ஒரு தலைப்பு. கட்டினதை வீணாக்க எனக்கு மனசு வராது. நம் மகள் கிறிஸ்டி டிவியில் போட்டுக் கொடுத்தாள்.

எதிர் லைன் வீட்டுச் சாமுவேல் தம்பி, உங்களோடு பேக்டரியில் ஒரே ஷிஃப்ட் பார்த்தவர், வாரம் தவறாமல் ஆட்டத்துக்கு வருகிறவர், காணிக்கை விஷயமும் தெரிந்தவர், முதல் சனிக்கிழமை வாசலிலேயே நின்றார்.

"அண்ணன் இல்லாம எப்படி அண்ணி?"

"அண்ணன் இல்லன்னு அங்க ஆட்டத்தை நிறுத்திட்டாங்களா? உள்ள வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

பந்து வருமுன் எதிராளிகளைத் தாண்டி நிற்கக் கூடாது என்கிற அந்த ஆஃப்சைடு விதியை அவர் மூன்று வாரம் விளக்கினார். அவர் விளக்கியதில் அவருக்கே குழப்பம் வந்துவிட்டது. கடைசியில் முறத்தில் துவரம்பருப்பை ஒரு பக்கம், உளுந்தை ஒரு பக்கம் ஆளாக நிறுத்தி நானே கண்டுபிடித்தேன். புள்ளிக் கணக்கு எனக்கு எளிது. ஜெயித்தால் மூன்று, சமமென்றால் ஒன்று, மிச்சம் கூட்டல் கழித்தல்.

கணக்குக்குள் வராதவைதான் என்னை வாய் பிளக்க வைத்தன. அந்த மழை. ஒருத்தரும் குடை பிடிக்கவில்லை! கிறிஸ்துமசுக்கு மறுநாள், நம் வீட்டில் எல்லோரும் பலகாரம் தின்றுவிட்டுப் படுத்துக் கிடந்தபோது, அங்கே குடும்பம் குடும்பமாக மைதானத்துக்கு வந்து குளிரில் நின்றார்கள். நீண்ட தூரம் பஸ்ஸில் போய், எதிராளி ஊர் மைதானத்தின் ஒரு மூலையில் ஒரு கைப்பிடி மஞ்சள். நாலு கோல் வாங்கின பிறகும் அந்தக் கைப்பிடி கலையவில்லை. என்ன கிடைக்கிறது இவர்களுக்கு? ஆயுசு முழுக்கக் கோயிலுக்குப் போகிற எனக்கு அது புரியாமல் இருந்தது.

ஒரு நாள் அவர்கள் பாடியது காதில் விழுந்து தூக்கிவாரிப்போட்டது. ராகம் நம் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற ராகம். உங்களை அடக்கம் செய்த அன்று பாடினது. வார்த்தை மட்டும் வேறு, எதிராளியைக் கிண்டல் செய்கிற வார்த்தை.

"இன்னா தம்பி இது, சாமி பாட்டுல கேலி பண்றாங்க?"

"அவங்க ஊரு ராகம் அண்ணி. நாமதான் கடன் வாங்கிகினு வந்தோம். கேட்டா திருப்பிக் குடுத்துடலாம், வுடுங்க."

கடைசி ஆட்டம் நம் நேரத்துக்குச் சனிக்கிழமை சாயங்காலம். சமம் செய்தாலே போதும், தப்பித்துவிடலாம் என்று இருந்தது. நான் முந்தின இரவே ஒரு காணிக்கைக் கவரை எடுத்து வேதப் புத்தகத்தில் வைத்துவிட்டேன். காரணத்தை எழுதவில்லை. சமம் வந்தால் உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காகவாவது நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு ஆசைப்பட்டேனா, பயந்தேனா என்று இப்போதும் தெரியவில்லை.

பாதி ஆட்டம் தாண்டியதும் எதிராளிகள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். நம்மவர்கள் அடித்ததெல்லாம் வெளியே போனது. முடியப்போகிற நேரத்தில் மூலையிலிருந்து ஒரு உதை கிடைத்தது. அப்போது நம் கோல்கீப்பர் தன் இடத்தை விட்டுவிட்டு எதிராளி கோலைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

"ஐயோ, எங்க போறாரு? வீட்டைத் திறந்து போட்டுட்டா?" என்றேன்.

"இனி வீட்டைக் காத்து இன்னா அண்ணி? போவட்டும்" என்றார் சாமுவேல் தம்பி. 

பந்து வந்தது. கோல்கீப்பரே எம்பித் தலையால் முட்டினார். மேல் கம்பியில் பட்டு வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் விசில்.

மஞ்சள் சட்டைகள் அங்கங்கே புல்லில் விழுந்து கிடந்தன. கேப்டன் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். சாமுவேல் தம்பி ரிமோட்டை எடுத்தார். "வுடுங்க அண்ணி, நிறுத்திடறேன். இந்த வருஷம் காணிக்கை கெடையாது. உங்க புள்ளிக் கணக்குப்படியே பாத்தாலும் கெடையாது."

"இருங்க தம்பி" என்றேன்.

கூட்டம் எழுந்து போகும் என்று நினைத்தேன். போகவில்லை.  அப்புறம் ஏதோ ஒரு மூலையில் நாலைந்து பேர் ஆரம்பித்தார்கள். அதே ராகம். இந்த முறை கேலி இல்லை, மெதுவாக, தங்கள் ஊர்ப் பெயரை வைத்துப் பாடினார்கள். அது ஒரு பக்கமாகப் பரவி, கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றி வந்து, மைதானம் முழுக்க நிறைந்தது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்காமல் பாடினார். விழுந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தலை குனிந்து சுற்றி வந்தார்கள். பாட்டு நிற்கவில்லை.

"அம்மா, தோத்துட்டாங்கதானே? அப்புறம் ஏன் யாரும் போவல?" என்றாள் கிறிஸ்டி.

 முட்டி போடத் தோன்றியது எனக்கு. வேடிக்கை இல்லை, நிஜமாகச் சொல்கிறேன். கேட்டது கிடைக்காத இத்தனை ஜனம், கொடுக்காதவர்களைப் பார்த்து இப்படிப் பாடுமா? இதையா நீங்கள் இத்தனை வருஷம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? நான் பக்கத்து அறையில் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தேனே, ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் ஞாயிறு. நம் ஊர் ஆண்டர்சன்பேட்டைக் கடைகள் திறக்கும் முன்பே கோயிலுக்குப் போய்விட்டேன். கவரில் காரணம் என்ற இடத்தில் எழுதிப் பெட்டியில் போட்டேன்.

பாஸ்டர் ஐயா வழக்கம்போல வாசித்துக்கொண்டு வந்தார். பிறந்த நாள், கல்யாண நாள், பரீட்சையில் தேறினது. என் கவர் வந்ததும் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சகோதரி எஸ்தர், தோற்ற பிறகும் பாடுகிறவர்களுக்காக" என்று வாசித்தார். என்னைப் பார்த்தார். திரும்ப ஒருமுறை, இன்னும் மெதுவாக வாசித்தார். பெண்கள் பக்கம் ஒருவருக்கும் புரியவில்லை. ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் சாமுவேல் தம்பி கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த பாட்டு வேறு ராகம்தான். முதல் அடி போகும்வரை புத்தகத்தில் பக்கம் தேடினேன். இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டேன்.

வாசலில் சாமுவேல் தம்பி கேட்டார்: "அண்ணன் சொன்னது தப்பிச்சா போடுன்னுதானே அண்ணி?"

"அண்ணன் கிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க போய் மட்டன் வாங்குங்க, லேட்டாயிடும்" என்றேன்.

இதோ பேசிவிட்டேன்.

மூன்றாம் படி ஆட்டத்தை இந்த ஆப்பில் காட்டமாட்டார்களாம். வர்ணனை மட்டும் கைப்பேசியில் கேட்கலாம் என்கிறாள் கிறிஸ்டி. உங்கள் சின்ன வயசில் ரேடியோவைக் காதில் ஒட்டிக் கேட்டீர்களே, அப்படி. ஆகஸ்டு பிறந்ததும் கேட்க உட்காருவேன். ஏறினாலும், இன்னும் கீழே இறங்கினாலும், வருஷக் கடைசியில் உங்கள் கவர் பெட்டியில் விழும். அந்த ஊர்ப் பெயரையும் சரியாகச் சொல்லப் பழகிவிடுகிறேன். நேரில் வரும்போது சொல்லிக் காட்டுகிறேன், அப்போது சிரிக்காமல் கேளுங்கள்.

இனி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்,
உங்கள் வீட்டுக்காரி எஸ்தர்